கடைசி வீட்டு அண்ணன்

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடிக்கக் கம்பெனி ஒரு தமிழரைத்தான் அனுப்பியது. கட்டையான ஆள். நெற்றியில் திருநீறு, காலில் மஞ்சள் பூட்ஸ். ஒவ்வொரு வாசலிலும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். இன்னும் சற்று நேரத்தில் தரைமட்டமாகப் போகிற வீட்டுக்கு அந்த மரியாதை.

"அண்ணே, சாமானெல்லாம் எடுத்தாச்சா?" என்று எங்கள் வீட்டில் அப்பாவிடம் கேட்டார்.

"சாமி மேடைய மட்டும் விட்டுரு தம்பி" என்று அப்பா கெஞ்சினார்.

"முடியாதுண்ணே, மேல ஆர்டர்லா."

படங்களைத் தானே இறக்கி, தூசியைத் துடைத்து, அப்பா கையில் கொடுத்தார். பிறகு வெளியே போய் புல்டோசருக்குக் கை காட்டினார்.

கடைசி வீடு இடிக்க வந்த அவருடைய கூடப் பிறந்த அண்ணனுடையது. லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும். அங்கே மட்டும் அவர் பூட்ஸைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, "எடுத்தாச்சா சார்?" என்றார்.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அண்ணன் தலை நிமிராமல், "எடுத்தாச்சு சார்" என்றார்.

இப்போது நான் இருக்கும் ஈப்போ நகரத்தில் முன்பின் தெரியாத யாராவது என்னை அண்ணே என்று கூப்பிட்டால், முதலில் அவர் காலைத்தான் பார்க்கிறேன்.