மூன்று பெட்டிகள்

கனடாவின் ஸ்காபரோவில் சீன முதியோர் இல்லமொன்றின் இரண்டாம் மாடி. வெளியே பனி கொட்டுகிறது. முதுமை பற்றிய ஆய்வுக்காக, பத்துப் பக்கக் கேள்வித்தாளோடு லண்டனிலிருந்து வந்திருக்கிறேன். இங்குள்ளவர்கள் பேசும் கன்டனீஸ் மொழி எனக்குத் தெரியாது. இங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் ராணி, பழகிப் பிடித்த கன்டனீஸில் எனக்காகக் கேட்கிறார்.

கட்டிலில் சாய்ந்திருக்கும் சீன மூதாட்டி குளிர்ந்த தண்ணீரைத் தொடமாட்டார். ராணி பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி, ஆற்றிப் பருக்கியபடியே கேட்கிறார்: உங்களைக் கவனித்துக்கொள்வது யார்?

மூதாட்டி யோசிக்கவேயில்லை. சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி ஏதோ சொல்கிறார்.

“மகனாம்,” என்கிறார் ராணி.

“அவர் எங்கே?”

“ஹொங்கொங்குக்கு வேலைக்குத் திரும்பிப் போயிட்டார். ஞாயிறிலை ஃபோன் எடுப்பார்.”

மகன், மகள், பணியாளர் என்று தாளில் மூன்று பெட்டிகள். ஒன்றில்தான் புள்ளடி போடலாம்.

“குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நீங்கள்தானே?”

ராணி மூதாட்டியின் வாயைத் துடைத்துவிடுகிறார்.

“மகனுக்கே போடுங்கோ, அண்ணை. கொழும்பிலை என்ர அம்மாவை வேலைக்கு வாற பிள்ளைதான் பாக்குது. ஆரும் கேட்டா அம்மா என்ர பேரைத்தான் சொல்லுவா.”