பொனட்டில் ஒரு பொட்டளவு இடம்

உப்பு லொறி எங்கள் தெருவுக்கு வருமுன் காருக்கு வாக்ஸ் பூசிவிட வேண்டும். அந்த நவம்பரில் எனக்கு இருந்த ஒரே பிடிவாதம் அதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம், லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகை வீடு. வாசலில் நான் முதன்முதலாக வாங்கிய கார், யாரோ பத்து வருடம் ஓட்டிவிட்டு விற்ற கடும் நீலம். உறைபனி தொடங்கினால் கவுன்சில்காரர் வீதியெல்லாம் உப்புக் கொட்டுவார்கள். பெயின்டில் சின்னக் காயம் இருந்தாலும் போதும், அந்த உப்பு உள்ளே போய் இரும்பைத் தின்றுவிடும். அதனால் ஷாம்பூ, பொலிஷ், ஒரு டின் வாக்ஸ், காயத்துக்கு வைக்கும் சின்னப் போத்தல் பெயின்ட் எல்லாம் வாங்கி, சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்துவிட்டு நல்ல வெயிலுக்குக் காத்திருந்தேன்.

என் மனைவி காத்திருந்தது வேறொன்றுக்கு. அவளுடைய ஒரே தம்பி லண்டனுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் மூலமாகக் கொழும்பிலிருந்து புறப்பட்டு மூன்று மாதம். மொஸ்கோவில் ஏதோ ஒரு வீட்டில் பத்துப் பேரோடு அடைபட்டுக் கிடந்தான். வெள்ளி தோறும் எங்களுக்குப் போன் எடுப்பான். அவளும் வெள்ளி தோறும் விளக்கு வைத்தபின் வெளியே வந்து, காரின் பொனட் நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் இடுவாள். மழை கழுவிக்கொண்டு போனால் மறுநாளே திரும்ப வைப்பாள்.

"இந்தக் கார்தானே தம்பியைக் கூட்டியரப் போகுது" என்பாள்.

இரண்டு வெள்ளியாகப் போன் வரவில்லை. ஏஜென்சிக்காரனுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

சனிக்கிழமை வெயில் எறித்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் வாளியோடு இறங்கினேன். பொனட் நடுவில் கல் தெறித்த காயம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு நேர்மேலே முதல்நாள் வைத்த பொட்டு. யோசித்துவிட்டுத்தான் துடைத்தேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, காயத்துக்குப் பெயின்ட் வைத்து, மதியம்வரை காயவிட்டு, பொலிஷ் போட்டு, வாக்ஸைப் பூசி, வெள்ளையாகப் பூத்ததும் பழைய வேட்டித் துண்டால் தேய்த்தேன். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது. எனக்கு அவ்வளவு பெருமை.

மாலையில் வந்த மனைவி காரைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள். வைத்தாள், வழுகியது. திரும்ப வைத்தாள். அது வழிந்து முன்விளக்கு வரைக்கும் போனது.

"ஒட்டுதில்லை. என்னத்தைப் பூசினனீங்கள்?"

"வாக்ஸ். ஒண்டும் ஒட்டாமல் இருக்கத்தான் பூசுறது."

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "மூண்டு மாசமா வைச்சனீர்தானே, தம்பி வந்தவனோ?" என்று கத்தினேன்.

அவள் குங்குமச் சிமிழை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை. போனுக்குப் பக்கத்தில் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பொட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அவன் வராமலே போனால், நான் சொன்ன அந்த வார்த்தையோடுதான் நாங்கள் இருவரும் மிச்சக் காலம் முழுக்க ஒரே வீட்டில் இருக்கவேண்டும்.

பாத்திரம் கழுவும் திரவத்தைக் காரில் போட்டால் வாக்ஸைக் கிளப்பிவிடும் என்று மனைவியை எத்தனையோ தரம் ஏசியவன் நான். ஞாயிறு காலை அதையே எடுத்துக்கொண்டு போனேன். சுடுதண்ணீரில் நனைத்த சொரசொரப்பான ஸ்பொஞ்சால் பொனட் நடுவில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு இடத்தைத் தேய்த்தேன். தண்ணீர் உருளாமல் படியும்வரை தேய்த்தேன். இன்னும் இறுகாத பெயின்டும் கூடவே கிளம்பி வந்து இரும்பு தெரிந்தது. மறுபடி பெயின்ட் வைத்தால் மறுபடி காயவிடவேண்டும், வாக்ஸ் பூசவேண்டும், பொட்டும் மறுபடி வழுகும். போத்தலைத் திறக்காமலே அவளைக் கூப்பிட்டேன்.

"இஞ்சை வாரும். இப்ப ஒட்டும்."

அவள் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு வைத்தாள். ஒட்டியது. என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள்.

திங்கள் போன் வரவில்லை. செவ்வாய் பின்னேரம் உப்பு லொறி வந்தது; கார்க் கதவில் உப்புக்கல் படபடவென்று தெறிப்பதை ஜன்னலுக்குள் நின்று கேட்டேன். புதனும் போனது. வியாழன் காலை போன் அடித்தது. மனைவிதான் எடுத்தாள். ஹீத்ரோ விமானநிலையத்திலிருந்து ஓர் அதிகாரி, தம்பியின் பெயரைச் சொல்லி, இவரைத் தெரியுமா என்று கேட்டார். பதற்றத்தில் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. "ஓம், ஓம், என்ரை தம்பி" என்று அழுதாள். நான் கார்ச் சாவியைத் தேடினேன், அது என் கையிலேயே இருந்தது.

மாசி முடிவதற்குள் அந்த இடம் கொப்பளித்துத் துருப்பிடித்தது. நான் கை வைக்கவில்லை. கத்தியதைப் பற்றி மனைவி ஒருநாளும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என் முகம் பார்த்துச் சிரித்ததும் இல்லை.

சித்திரையில் ஒருநாள், எங்களோடு வந்து தங்கியிருந்த மைத்துனன் எனக்கு உதவியாகக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். மனைவி வாசலில் நின்றாள். அவன் பொனட்டைத் தடவிப் பார்த்தான்.

"அத்தான், முழுக் காருக்கும் வடிவாப் பூசியிருக்கிறியள். இந்த ஒரு இடத்தை மட்டும் மறந்துபோனியள்."

"ஓம்," என்றேன். "மறந்துபோனன்."

மனைவி என்னை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.