கம்பெனிச் சரக்கு

குமரேசனுக்கு மாமனார் வீட்டில் மரியாதை கிடைத்தது, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான். அதுவரை அவர் திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். பௌர்ணமிக்கு வருகிற ஜனத்துக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்கிற மாப்பிள்ளையை யார் கொண்டாடுவார்கள்? கீழ்பென்னாத்தூரில் மனைவி வேதாவின் அண்ணன் சகாதேவன் வீட்டு விசேஷம் என்றால், குமரேசனுக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை. அதற்குள் வடை தீர்ந்துபோயிருக்கும்.

பிறகு ஊருக்கு வெளியே எத்தனால் கம்பெனி ஒன்று வந்தது. பெட்ரோலில் கலப்பதற்காக மக்காச்சோளத்திலிருந்து ஸ்பிரிட் எடுக்கிற கம்பெனி. பாய்லர் அனுபவத்தைச் சொல்லிக் குமரேசன் அதில் சேர்ந்துவிட்டார். அந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று முதல் பந்தியில், சகாதேவனுக்குப் பக்கத்திலேயே இலை விழுந்தது. இரண்டு வடை வைத்தார்கள். கேட்காமலே மூன்றாவதும் வந்தது. அப்போதுதான் சகாதேவன் குனிந்து மெல்லக் கேட்டார்.

"மாப்ள, கம்பெனி சரக்கு நமக்குன்னு ஒரு பாட்டில் எடுத்தாற முடியுமா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் குமரேசனுக்குக் கிடைத்திருக்காது. அங்கே வடிகிற ஸ்பிரிட் வண்டிக்குத்தான். மனுஷன் குடித்தால் ஆஸ்பத்திரிதான் கதி. அதிலும் குமரேசன் அதில் ஒரு சொட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஸ்பிரிட் மொத்தமும் ஆவியாகிப் பிரிந்து போன பிறகு மிஞ்சுகிற கலங்கல் தண்ணீர் எங்கே வருமோ, அங்கேதான் அவருக்கு வேலை. கம்பெனியில் சாராயமே இல்லாத ஒரே இடம் அது.

ஆனால் வாயில் வடை இருந்தது. "பாக்கலாம் மச்சான்" என்றார் குமரேசன்.

அடுத்த வாரம் அரசுக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கினார். குடிக்காத மனுஷன் என்பதால் எதைக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. முன்னால் நின்றவர் கேட்டதையே கேட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து, அதைப் பெயர்ச்சீட்டு கிழித்த தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூடினார். காலிப் பாட்டிலைப் பரணில் பழைய மிக்ஸி அட்டைப்பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

சகாதேவன் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நூலு மாதிரி எறங்குது மாப்ள. கடை சரக்கு குடிச்சா காலையில தல வெடிக்குது. இதுல ஒண்ணுமே இல்ல பாரு." அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் குமரேசன் வெறுங்கையோடு போக முடியவில்லை. இலையும் முதல் பந்தியைவிட்டு நகரவில்லை.

இத்தனைக்கும் பெருமைப்பட அவருக்கு நிஜமாகவே ஒரு வேலை இருந்தது. இவாப்ரேட்டர் என்று சொல்வார்கள். ஐந்து உயரமான கலன்கள் வரிசையாக நிற்கும். பாய்லர் நீராவி முதல் கலனுக்கு மட்டும்தான். அதில் கிளம்புகிற ஆவி இரண்டாவதைக் கொதிக்க வைக்கும், அதன் ஆவி மூன்றாவதை. அண்ணன் சட்டையைத் தம்பி, அவன் சட்டையை அடுத்த தம்பி என்று கடைசிப் பிள்ளைவரை ஓட்டுகிற குடும்பம் போலத்தான். கலனுக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால், போகப் போகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கலங்கல் தண்ணீராக உள்ளே போனது கடைசியில் தேன் நிறத்தில் பாகாக வெளியே வரும். பிரிந்த தண்ணீர் திரும்பக் கம்பெனிக்கே. பாகை, வடிகட்டிய சோளச் சக்கையோடு சேர்த்துக் காயவைத்தால் அருமையான மாட்டுத் தீவனம்.

பாகு தளர்ந்திருந்தால் காயாது. இறுகினால் குழாய்க்குள் அடிபிடித்துவிடும். கம்ப்யூட்டர் திரையில் பாகின் அடர்த்தி எண் ஓடினாலும் குமரேசன் ஒரு கரண்டி எடுத்து வழியவிட்டுப் பார்ப்பார். அது சரியாக வழிகிறபோது அவருக்கு வருகிற சந்தோஷத்தைப் பற்றி எந்தப் பந்தியிலும் யாரும் கேட்டதில்லை. ஒருமுறை மாடு வைத்திருக்கிற சகாதேவனிடமே ஆரம்பித்துப் பார்த்தார். "அட, மிச்சம் மீதியைப் பத்தி நமக்கு இன்னா மாப்ள" என்று சகாதேவன் கிளாசை நீட்டினார்.

இதற்கிடையே வேதா ஒருநாள் பரண் துடைத்தாள். பாட்டில்களைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. சாக்கில் கட்டி அங்கேயே வைத்துவிட்டு, புருஷன் குடியை விட வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டு பௌர்ணமிதோறும் கிரிவலம் சுற்ற ஆரம்பித்தாள். துணைக்குக் குமரேசனும் போவார். எதற்கு வேண்டுதல் என்று அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. தன் குடி நிற்பதற்காகக் குடிக்காத மனிதர் ஒருவர் மாதாமாதம் கால் நோக மலையைச் சுற்றினார்.

சகாதேவன் மகள் நந்தினியின் குழந்தைக்குக் காது குத்து வந்தது. குமரேசன் ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தார். சகாதேவனோ ஒரு வாரமாகவே டீக்கடையில் கம்பெனிச் சரக்கின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், முதல் பந்தி உட்கார்ந்த நேரத்தில் மதுவிலக்கு போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றது. இறங்கிய எஸ்.ஐ. அம்மாள் குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"ஃபாக்டரி ஸ்பிரிட் இங்க யார் கொண்டாந்தது?"

குமரேசன் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். ஸ்பிரிட் திருட்டு என்றால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

"எங்க மாப்ளதான் மேடம்," என்றார் சகாதேவன், பாசம் பொங்க. "கலப்படமே கெடையாது. மோந்து பாருங்க."

"மேடம், ஸ்பிரிட் பக்கமே எனக்கு வேல கெடையாது. நான் மிச்சத் தண்ணியைக் காய்ச்சறவன். இது கடையில வாங்கினது."

"எதுக்கு மாப்ள பயந்துகினு பொய் சொல்ற? கடை சரக்கு எனக்குத் தெரியாதா? மேடம், இவர் சொல்றத நம்பாதீங்க."

எதிரி சொன்னால் மறுத்துப் பேசலாம். அன்பாகச் சொல்கிறவரை என்ன செய்வது? குமரேசன் எழுந்து நின்றார். அப்போது பெண்கள் பக்கமிருந்து வேதா வந்தாள். அழுகையும் கோபமுமாக இருந்தாள்.

"அவரு திருடலைங்க மேடம். அவரு குடிகாரரு. கடையில வாங்கித் திருட்டுத்தனமா குடிக்கிறாரு. எங்க வூட்டுப் பரண்ல வந்து பாருங்க."

ஜீப் திருவண்ணாமலைக்கு வந்தது. சகாதேவனும் பின்னாலேயே பைக்கில் வந்தார். சாக்கை அவிழ்த்துக் கொட்டினார்கள். ஒரே பெயர் போட்ட பாட்டில்கள் கூடம் முழுக்க உருண்டன. எஸ்.ஐ. விசேஷ வீட்டிலிருந்து எடுத்துவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்தார், பிறகு காலிப் பாட்டிலை மோந்தார்.

"உங்க வீட்டுக்காரர் என்னைக்காவது குடிச்சிட்டு வந்து தள்ளாடியிருக்காராம்மா?"

வேதா யோசித்தாள். "இல்லைங்க மேடம். அதான் எனக்கும் ஒண்ணும் புரியல."

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டார். குமரேசனுக்கு ஸ்பிரிட் பக்கம் போக அனுமதியே கிடையாது என்றார்கள். சோதனைக்கு அனுப்பிய சரக்கும் கடைச் சரக்குதான் என்று பிறகு முடிவு வந்தது. அன்றைக்கே குமரேசனைக் கண்டித்து விட்டுவிட்டார்கள்.

சகாதேவன் விடவில்லை. கீழே கிடந்த பாட்டிலின் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இத எங்க ஊர் கடையில நானே வாங்கிக் குடிச்சிட்டு நல்லா இல்லன்னு திட்டியிருக்கேன்," என்றார். "நீ திருடியிருந்தாக்கூட மச்சானுக்காகத் திருடினான்னு சொல்லிக்குவேன். இப்ப இன்னான்னு சொல்றது?"

குமரேசனின் இலை கடைசிப் பந்திக்குத் திரும்பியது. வேதா கிரிவலத்தை நிறுத்தவில்லை. புருஷன் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டுதலை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

சில மாதம் பொறுத்து, தொழிலாளிகளுக்குச் சல்லிசாகக் கொடுக்கிற பாகு ஒரு கேன் வாங்கிக்கொண்டு குமரேசன் கீழ்பென்னாத்தூர் போனார். அவர் ஷிப்டில், அவரே கரண்டியில் வழியவிட்டுப் பார்த்து இறக்கியது. தவிட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கலந்து வைத்தார். மாடு தொட்டிக்குள் விட்ட முகத்தை வெளியே எடுக்கவில்லை.

"இதான் மச்சான் நான் செய்யற வேல," என்றார் குமரேசன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவர் தலை நிமிர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

சகாதேவன் கேனைத் தூக்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் பெயர் எதுவும் இல்லை. மூடியைத் திறந்து மோந்தார். மாட்டைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லு மாப்ள. இத எந்தக் கடையில வாங்கின?"