கை தூக்கு

சிறைக்குள் இருக்கும் தச்சுப் பட்டறையில் வேலை சொல்லிக்கொடுப்பவருக்கு மர வாத்தியார் என்று பெயர். கைதிகள் கேலியாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது, நாளடைவில் அவருக்கே பிடித்தும் போனது. மற்றவர்கள் லத்தியோடு நுழைகிற இடத்துக்குத் தான் அளவுகோலோடு போகிறவன் என்று ஒரு தலைக்கனமும் அவருக்கு உண்டு.

வீட்டில் அது செல்லுபடியாகவில்லை.

"தப்பு பண்ணினவனுக்குத் தண்டனை கொடுக்கத்தான் ஜெயிலு," என்பாள் மனைவி. "நீங்க அங்க போயி தாலாட்டுப் பாடாத குறைதான்."

"உள்ள தள்ளினதே தண்டனைதான்டி. அதுக்கு மேல தினமும் தலையில குட்டணுமா? நாளைக்கு வெளிய வந்து நம்ம பக்கத்து வீட்டுக்கே குடி வருவான். அப்ப அவன் கையில ஒரு தொழில் இருந்தா நமக்குத்தானே நல்லது?"

"எனக்குப் பூட்டு இருந்தாப் போதும்."

சமையலறை அலமாரி ஈரத்தில் ஊறி உப்பி, கதவு மூட மறுத்தபோது, இந்த வழக்கை முடித்துவிடலாம் என்று வாத்தியார் நினைத்தார். வேலையை அவரே செய்திருக்கலாம். ஆனால் மனைவி கண்ணால் பார்க்கட்டும் என்று நெட்டையைக் கூப்பிட்டார். நெட்டை பட்டறையில் அவரிடம் தொழில் பழகியவன். விடுதலையாகி, கல்யாணம் செய்துகொண்டு, ஒழுங்காகத் தச்சு வேலை செய்து பிழைக்கிறான்.

நெட்டை மனைவியோடு வந்தான். வார்னிஷ் பூசுவது அவள் வேலை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்கதானா சார் அது? அங்க என்னை மனுஷனா நடத்தினது சார் ஒருத்தர்தான்னு இவரு சொல்லிச் சொல்லி என் காது புளிச்சுப்போச்சு."

கேட்டுக்கொண்டாயா என்பதுபோல வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் காய்கறியை அள்ளிக்கொண்டு சமையலறைக்கே போய், நெட்டைக்கு எதிரே காவல் உட்கார்ந்தாள்.

அந்தக் காவல் மதியம் வரைகூடத் தாங்கவில்லை.

"உங்க வீட்டுக்காரரும் இப்படித்தானாக்கா? எந்த வீட்டுக்குப் போனாலும் கதவத்தான் தடவிப் பாக்கறாரு," என்றாள் நெட்டையின் மனைவி.

"கதவோட விட்டாரா? இவரு பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்க வீட்டு நாற்காலியக் கவுத்துப் போட்டுப் பாத்தவரு. என்னை அப்புறம்தான் பாத்தாரு."

நெட்டை வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு சிரித்தான். தான் ஜெயித்துவிட்டதாக வாத்தியார் எண்ணிக்கொண்டார்.

சாயங்காலம் நெட்டை பையைத் தோளில் மாட்டினான். "ஒரு இழுப்பறைதான் சார் பாக்கி. நாளைக்கு முடிச்சுடறேன்."

வழியனுப்ப வாத்தியார் வாசற்படி ஓரமாக நின்றார். நெட்டை அருகில் வந்ததும் அவர் வாய் தானாகச் சொன்னது: "கை தூக்கு."

பட்டறையில் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வெளியேறும்போது நடப்பதுதான். ஓர் உளி காணாமல் போனாலும் ஒருவரும் அறைக்குத் திரும்ப முடியாது. அதனால் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் அவரே தடவிப் பார்ப்பார். "ஆணிய முழுங்கிட்டியாடா?" என்று சிரிக்கவைத்துக்கொண்டே செய்வார். அதனால் அது யாருக்கும் வலிக்காது என்று நம்பியிருந்தார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நெட்டையின் கைகள் உயர்ந்துவிட்டன. வாத்தியாரின் கைகள் அக்குளில் தொடங்கி விலாவழியே இடுப்புக்கு வந்தன. கணுக்காலைப் பார்க்கக் குனிந்து மண்டியிட்டபோது பக்கத்தில் வார்னிஷ் கறை படிந்த ஒரு பெண்ணின் பாதங்கள் தெரிந்தன. அப்போதுதான் தன் வீட்டுத் தரை அவர் கண்ணில் பட்டது.

"ஒண்ணுமில்ல, பழக்கம்," என்று நெட்டை தன் மனைவியிடம் சிரிக்கப் பார்த்தான். கைகள் இன்னும் மேலேயே இருந்தன. "சாரு வேணும்னு செய்யல."

"அவருக்குப் பழக்கம், சரி. நீங்க எதுக்குக் கையத் தூக்கினீங்க?"

அவன் கைகளை இறக்கினான். அவள் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

வாத்தியாரின் மனைவி இத்தனை வருஷ வழக்கையும் அந்த இடத்திலேயே ஜெயித்திருக்கலாம். ஒரு குத்தல் பேச்சுக்காக அவர் காத்துக்கூட இருந்தார். "எந்திரிங்க," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல். "எவ்வளவு நேரம் இப்படி மண்டி போட்டுட்டு இருப்பீங்க?"

மறுநாள் நெட்டை தனியாக வந்தான்.

"வீட்டுல வரலையா?"

"தலைவலி சார்."

இழுப்பறை சத்தமில்லாமல் ஓடி நின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல நினைத்து வைத்திருந்ததை எல்லாம் வாத்தியார் ஒரு வார்த்தைக்குள் திணித்துப் பார்த்தார். "நேத்து..."

"விடுங்க சார். நீங்க தொட்டது எனக்குப் பெருசாவே படல. அவ கேட்ட அப்புறம்தான் கை மேல இருக்கறதே தெரிஞ்சுது." துடைத்த இழைப்புளியையே மறுபடி துடைத்தான். "இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. என்னன்னு சொல்றது?"

வாத்தியார் இழுப்பறையை ஒருமுறை இழுத்து மூடினார்.

கிளம்பும் நேரத்தில் அவர் வாசல் பக்கமே போகவில்லை. கூடத்துச் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டார். நெட்டை பையோடு நடந்தான். வாசற்படிக்கு வந்ததும் அவன் கால்கள் நின்றுவிட்டன. திரும்பவில்லை, கையையும் தூக்கவில்லை. சும்மா நின்றான். அவர் சொன்னால்தான் அவன் தாண்டுவான் என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது.

"போ," என்றார் வாத்தியார். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். பட்டறையில் கேட்கும் அதே குரல்தான் வந்தது.

"சரி சார்," என்று சொல்லி நெட்டை படியைத் தாண்டினான்.