ஏ.எல். படிக்க ஓர் அறை தேடி: ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலை வரை

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கோயில் திருவிழாக்களுக்கும் கடற்கரைகளுக்கும் போய்வந்ததைத்தான் எழுதுவேன். இந்தமுறை நாங்கள் போனது ஓர் அறை பார்க்க. எங்கள் மகள் நிதுஷா ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்திருந்தாள். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அதற்கு உயர்தரமான ஏ.எல்.லில் கணிதப் பிரிவு எடுக்க வேண்டும். எங்களுக்குக் கிட்டிய பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் இடம் கிடைத்தது. இனி அவள் தங்க ஓர் இடமும், பின்னேர ரியூசனும் வேண்டும்.

நான் முன்பள்ளி ஆசிரியை. கணவர் சிவபாலன் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார். பதினாறு வயதுப் பிள்ளையை வெளியில் விட்டுப் படிப்பிப்பது எங்கள் இரண்டு குடும்பத்திலும் இதுதான் முதல் தடவை. பெறுபேறு வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மூன்று பேருமாகப் புறப்பட்டோம். விடிய ஐந்தே முக்கால் பஸ். நகரத்துக்கு அறுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆளுக்கு 280 ரூபாய். தங்கப்போகும் வீட்டுக்குக் கொடுக்கவென்று கணவர் அரை மூட்டை அரிசி கட்டிக்கொண்டு வந்தார். நடத்துநர் அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“அண்ணை, இது ஆரு? இவருக்கும் டிக்கட் எடுக்கவேணும்.”

“எங்கட வயல் அரிசி தம்பி. மகள் படிக்கப் போறா, அவவுக்கு.”

“என்ன படிக்கப் போறா?”

“மெற்ஸ்,” என்றார் கணவர். அந்தச் சொல்லை அவர் வேற்று ஆளிடம் சொல்லி அன்றுதான் கேட்டேன். நடத்துநர் மூட்டைக்குக் காசு வாங்கவில்லை.

மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது வலது பக்கம் இருந்தால் கொட்டியாரக் குடா முழுவதும் தெரியும். காலை வெயிலில் பார்க்க வேண்டிய இடம். நிதுஷா பார்க்கவில்லை. அண்ணன் முறையான ஒருவரிடம் வாங்கிய பழைய பௌதிகவியல் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சீனக்குடாவில் பஸ் கொஞ்சம் நின்றது. எட்டு மணிக்கு முன்பே நகரத்தில் இறங்கிவிட்டோம்.

முதலில் ரியூசன். புதிதாக வரும் பிள்ளை ஒரு வகுப்பு இருந்து பார்க்கலாம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். தகரக் கூரை போட்ட நீளமான மண்டபம், வாங்கு வாங்காகப் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வகுப்பில் இருபத்தைந்து பேர். இங்கே எண்ண முடியவில்லை. நிதுஷா கடைசி வாங்கில் ஓர் ஓரத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தாள். நாங்கள் வெளியே மரத்தடியில் இருந்தோம். வீதிகளில் திரியும் நகரத்து மான்கள் இரண்டு வந்து, கணவர் படித்துக்கொண்டிருந்த பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தை இழுத்துத் தின்றன. முதல்முறை போகிறவர்கள் உணவுப் பொதியைக் கையில் வைத்திருக்க வேண்டாம்.

இரண்டு மணித்தியாலம் கழித்து வெளியே வந்த பிள்ளையின் முகம் காலையில் பஸ் ஏறிய முகம் இல்லை. விளங்கினதா என்று கேட்டேன். “ம்,” என்றாள். அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு தாயிடம் விசாரித்ததில் எனக்கு விசயம் தெரிந்துவிட்டது. நகரத்துப் பிள்ளைகள் ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு ஏ.எல். வகுப்புக்கு வரத் தொடங்கிவிடுகிறார்கள். நாங்களோ பெறுபேறு வரட்டும் என்று இருந்தோம். வகுப்பு எத்தனையோ பாடம் தாண்டிப் போய்விட்டது.

அங்கிருந்து நிலாவெளி வீதி பஸ்ஸில் சாம்பல்தீவு, இருபது நிமிடம். அறை இருக்கிறது என்று ஊரில் ஒருவர் சொன்ன மகேஸ் அக்கா வீட்டுக்குச் சந்தியிலிருந்து ஓட்டோவில் 200 ரூபாய். அரிசி இல்லாவிட்டால் நடந்தே போகலாம். மகேஸ் அக்காவின் கணவர் கடற்றொழில் செய்பவர். வீட்டின் பின்பக்க அறையில் அக்கா இரண்டு மாணவிகளைத் தங்க வைத்திருக்கிறார். மூன்றாவது கட்டில் காலியாக இருந்தது. சாப்பாட்டோடு மாதம் 14,000. கிணறு, குளியலறை, யன்னல் எல்லாம் பார்த்துவிட்டு நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மகேஸ் அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஒரு கதிரையை நிதுஷாவுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பிள்ள, நீ வர விரும்புறியா, இல்லாட்டி இவை கொண்டுவந்து விடினமா?”

“நான்தான் வாறன் எண்டு சொன்னனான் அன்ரி. ஆனா இண்டைக்கு வகுப்பில எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஒரு கணக்குக்கூட.” சொல்லிவிட்டு அழுதாள்.

கணவர் எழும்பிவிட்டார். “அப்ப வாங்கோ வீட்ட போவம். ஆர்ட்ஸ் படிச்சும் கம்பஸ் போகலாம்தானே. பிள்ளைய வருத்தி என்னத்துக்கு?”

எனக்குக் கோபம் வந்தது. “ஒரு நாள் விளங்கேல்ல எண்டதுக்காக விடுறதா? இவ்வளவு தூரம் வந்தனாங்கள்.”

முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டில், அவருக்கு முன்னாலேயே நாங்கள் இரண்டு பேரும் வாக்குவாதப்பட்டோம். நிதுஷா யாருக்கு முகம் கொடுப்பது என்று தெரியாமல் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகேஸ் அக்கா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

“நாளைக்குக் காலம பிந்தி வந்த பிள்ளையளுக்கு அந்த ரியூசன் சேர் தனியா ஒரு வகுப்பு எடுக்கிறார். இவையளும் போறவையள்,” என்று வாசலில் நின்ற இரண்டு மாணவிகளையும் காட்டினார். “இண்டைக்கே பிள்ள நிக்கட்டும். ஒரு கிழமை பாக்கட்டும். அதுக்குக் காசு வேண்டாம். ஏலாட்டி வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

“இண்டைக்கேயா? மாத்து உடுப்புக்கூட இல்லையே,” என்றேன் நான். இவ்வளவு நேரமும் விட வேண்டும் என்று வாதாடியவள் நான்தான்.

“என்ர உடுப்பு இருக்கு அன்ரி,” என்றாள் அந்த மாணவிகளில் ஒருத்தி. தென்னமரவாடி ஊர்ப் பிள்ளை, நிதுஷாவின் உயரம்தான்.

நிதுஷா முகத்தைத் துடைத்தாள். “நான் நிக்கிறன்,” என்றாள்.

சந்திக் கடையில் வாளி, பற்தூரிகை, சவர்க்காரம், போர்வை எல்லாமாக 3,150 ரூபாய். கணவர் அந்தச் சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வீதியில் நடந்தார். அறைக்குள் போனபோது, எந்தக் கட்டிலுக்குக் காற்று வரும் என்று மூன்று பிள்ளைகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல நினைத்துவைத்த புத்திமதி எதற்கும் இடம் இருக்கவில்லை. “அம்மா, பஸ்ஸை விட்டிராதேங்கோ,” என்று அவள்தான் எங்களை அனுப்பிவைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேருக்கான இருக்கை கிடைத்தது. கணவர் யன்னல் பக்கம் இருந்தார். பையை எங்களுக்கு நடுவில் வைத்தேன். கிண்ணியா தாண்டியபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

“வா வீட்ட போவம் எண்டு ரெண்டாந்தரமும் சொல்லத்தான் இருந்தனான். சொல்லியிருந்தா வந்திருப்பாள்,” என்றார்.

“ஏன் சொல்லேல்ல?”

“வந்திருப்பாள் எண்டபடியாத்தான்.”

இருபது வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதர். பிள்ளையைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. விட வேண்டும் என்று சத்தம் போட்டது நான். விட்டுவிட்டு வந்தது அவர்.

இதே தேவைக்கு எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவைதான். பெறுபேற்றுக்காகக் காத்திருக்காமல், பரீட்சை முடிந்ததுமே வகுப்பை விசாரியுங்கள். காலை ஆறு மணிக்கு முன் புறப்பட்டால் ஒரே நாளில் எல்லாம் பார்த்து வரலாம், ஆனால் கடைசிப் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவைக்க வேண்டும். மூன்று பாடத்துக்கு ரியூசன் 7,500, சாப்பாட்டோடு அறை 14,000, ஊருக்கு வந்துபோகும் செலவு வேறு. நாங்கள் வீட்டு நிலத்துக்கு மாபிள் பதிக்க வைத்திருந்த பணத்தை முதல் வருடத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு மேல் தேவைப்படுவதற்காக நான் பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். சீமெந்து நிலம் இன்னும் சில வருடம் தாங்கும். அறை பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் பிள்ளையைத் தனியாக ஒருதரம் கேளுங்கள். எங்களுக்கு அதை வேறு ஒருவர் செய்ய வேண்டியிருந்தது. வசதியிருந்தால் தாயும் தகப்பனும் சேர்ந்தே போங்கள். ஒருவர் பயப்படும் இடத்தில் மற்றவர் நிற்பார். யார் எந்த இடத்தில் நிற்பார் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை கணவர் போய் அவளைக் கூட்டிவந்தார். கண் உள்ளே போயிருந்தது. சோறும் மீன்குழம்பும் இரண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டாள். பிறகுதான், வியாழக்கிழமை சேர் ஒரு பரீட்சை வைத்தார் என்றாள். நூற்றுக்கு இருபத்தெட்டுப் புள்ளி.

கணவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர்தான் மெதுவாகக் கேட்டார்: “கடைசியோ பிள்ள?”

“இல்லை அப்பா. எனக்குப் பின்னால இன்னும் ஒம்பது பேர் இருக்கினம்.”

சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள். அறைக்குள் போய் உடுப்புகளைக் கட்டிலில் அடுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்:

“அம்மா, அந்தப் பெரிய பை எங்க வச்சனீங்கள்?”