சூடேறாத மைக்ரோவேவ்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருதயராஜ் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக அங்கே எந்தத் தையல் மெஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஆரோக்கியமேரிக்கு வலிப்பு வரும். போன வருஷம் அடுப்பருகே விழுந்து இடது கை வெந்துபோனது. இனி நெருப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் தெரிந்தவரிடமிருந்து பழைய மைக்ரோவேவ் ஒன்றை வாங்கி வந்தார். காலையில் அவர் சமைத்துவிட்டுப் போவார். மதியம் அவள் சுடவைத்துச் சாப்பிடுவாள்.

இந்தச் சித்திரையில் அது மக்கர் செய்தது. விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, குழம்பு மட்டும் ஜில்லென்றே இருந்தது.

"நீங்க பாக்காத மெஷினா?" என்றாள் மேரி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், போனில் வீடியோ பார்த்தபடி மூடியைக் கழற்றினார். பிளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும், ஆளையே அடித்துவிடும் என்றது வீடியோ. ஸ்க்ரூடிரைவரால் அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டார். பட்டென்று பொறி பறந்தது. தான் துள்ளி விலகியதை அவள் பார்த்துவிட்டாளே என்று வெட்கமாகிவிட்டது.

ஃபியூஸ் மாற்றினார். டயோடு மாற்றினார். வேலூருக்கு பஸ் ஏறி, சூட்டைக் கிளப்புகிற மேக்னெட்ரானையும் வாங்கி வந்து பொருத்தினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொதித்தது. மேரி கைதட்டினாள். மூன்றாம் நாள் தீய்ந்த வாடையோடு மறுபடி நின்றுபோனது.

வேலூர்க் கடைக்காரர் காஷிஃப் திறந்து பார்த்தார். "டிரான்ஸ்ஃபார்மரே எரிஞ்சிபோச்சுண்ணா. இந்த மாடலுக்கு ஸ்பேரே வர்றதில்ல. இன்னா பண்ணாலும் வேஸ்ட்டு."

ஷூ கம்பெனியில் ஆர்டர் கம்மியாகி, இருதயராஜுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. புதுசு வாங்க வழியில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்மேல நம்பிக்கை இல்லியா?"

"பயமா இருக்குது மேரி."

மதியம் அவள் போனை எடுக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் பைக்கில் பறந்து வந்தார். மேரி மொட்டை மாடியில் இருந்தாள். குழம்புப் பாத்திரத்தை வெயிலில் வைத்துவிட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு மணிக்கே வெச்சிட்டேன். தொட்டுப் பாருங்க, சூடாயிடுச்சி இல்ல?"

தொட்டார். பாத்திரத்தின் விளிம்பு மட்டும்தான் சுட்டது.

"ஆயிடுச்சி" என்றார். ஒரு கையில் பாத்திரத்தையும் மறு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.