அக்கா பார்த்த இறுதிப் போட்டி

அந்த ஆடி மாதத்தில் ஆசிய நாட்டுப் பெண்கள் அணிகளின் இருபது ஓவர் கிரிக்கெட் தொடர் எங்கள் நாட்டில், இலங்கையில், நடந்துகொண்டிருந்தது. தொடர் தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் அத்தான், என் அக்காவின் கணவர், நெடுந்தீவுக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

அக்காவும் நானும் வேலணையில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் அவள் இடக்கையால் சுழற்பந்து வீசினாள். பெண்கள் அணியை நடத்திய ரீச்சர் மாற்றலாகிப் போனதும் அணியும் இல்லாமற் போயிற்று. அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நெடுந்தீவிலிருந்து அத்தான் பெண் பார்க்க வந்த அன்று, வெற்றுக் கோப்பையை வாங்க அக்கா மறதியாக இடக்கையை நீட்டிவிட்டாள். அம்மா முறைத்தார். அத்தானோ, "நீர் இடக்கையோ? பந்து போடுவீரோ?" என்று கேட்டார். அக்கா தலையை நிமிர்த்தி, "ஓம், போட்டனான்" என்றாள். அன்றைக்கே அவள் மனது சரியென்று சொல்லிவிட்டது என்று பிறகு எனக்குச் சொன்னாள்.

அத்தானிடம் சொந்தமாக ஒரு சின்னப் படகு இருந்தது. சிறுவயது முதல் அவர் இந்திய அணியின் ஆள். இந்தியக் கரையிலிருந்து வரும் றோலர்கள், அந்தப் பெரிய இழுவைப் படகுகள், வலையை அறுத்துவிட்டுப் போன நாட்களில் காலை முழுவதும் திட்டுவார். பின்னேரம் இந்தியா ஆடினால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கேட்டால், றோலர் வேறை, கிரிக்கெட் வேறை என்பார். அக்காவுக்கு இலங்கைப் பெண்கள் அணிதான். அணித் தலைவி இடக்கையால் மட்டை பிடிப்பவர் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவள் சொன்னதில்லை. பெரும்பாலும் இந்தியாவின் பக்கமே நிற்கும் எங்கள் ஆட்களிடையே அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்க்கப்பட்டது. அத்தான் மட்டும் அதை வைத்து அவளைப் பகிடி பண்ணிச் சிரிப்பார். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அந்தச் சண்டைதான் கலகலப்பு.

சோளகக் காற்று கடுமையாக அடித்த காலம் அது. அத்தான் போன அன்று பெரும்பாலான படகுகள் கரையிலேயே கிடந்தன. முந்திய நாள் போட்ட வலை கிழிந்துவிடும் என்று அத்தான் பயந்தார். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல். போக வேண்டாம் என்று மாமி, அத்தானின் தாயார், படலைவரை பின்னால் போய்ச் சொல்லியிருக்கிறார். வலையைத் தூக்கிக்கொண்டு உடனே வந்துவிடுகிறேன் என்று அவர் தனியே போனார்.

எனக்குத் தகவல் கிடைத்த மறுநாள் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறினேன். படகு எழுந்து விழுந்த ஒவ்வொரு தடவையும், இந்தக் கடலுக்குள்தான் எங்கோ அத்தான் இருக்கிறார் என்ற நினைப்பு வந்தது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே ஊர்ப் படகுகளும் கடற்படைப் படகுகளும் தேடப் போயிருந்தன. அன்று பின்னேரம், புங்குடுதீவுப் பக்கத்துக் கடற்றொழிலாளர்கள் அத்தானின் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். படகுக்குள் பாதி வலை கிடந்தது. மீன்கள் இன்னும் அதில் சிக்கியிருந்தன. அத்தான் இல்லை.

அதன் பிறகு வீடு சனத்தால் நிரம்பியது. அக்கா அறை வாசலில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். அழவில்லை. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். அத்தானின் பெரியம்மா ஒருவர் உள்ளே வந்தவுடன் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். அக்கா எழுந்து போய் அவர் தோளைத் தொட்டு, அழ வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்து பழைய இடத்தில் இருந்தாள். மாமி குசினிக்குள், அடுப்படியிலேயே கிடந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் பொழுதுபடும்போது தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகு அவர்கள் படலையைத் தாண்டி உள்ளே வருவதையும் நிறுத்திவிட்டார்கள்.

இறுதிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலங்கையும் இந்தியாவும். மத்தியானம் கழிந்த பிறகு அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து தொலைக்காட்சியைப் போட்டாள். சத்தம் வைக்கவில்லை. நிலத்தில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினாள்.

பாயில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்குக் கூசியது. நிறுத்தச் சொல்லி அவள் காதுக்குள் கெஞ்சினேன். அவள் திரும்பவே இல்லை. கடைசியில் பெரியம்மாதான் கேட்டார்.

"இழவு வீட்டிலை கிரிக்கெட்டோ பிள்ளை?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இழவு வீடெண்டு ஆர் சொன்னது?"

சிலர் எழுந்து வெளியே போனார்கள். அப்போதுதான் மாமி குசினியிலிருந்து வந்தார். தொலைக்காட்சியை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவுக்குப் பக்கத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இருந்தார். திரையைப் பார்த்து, "இதிலை அவன்ரை ஆக்கள் ஆர்?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் நீலச் சட்டை, எல்லோரும் ஒன்றுபோலத் தெரிகிறார்கள் என்றும் சொன்னார். அக்கா விரலால் காட்டினாள்.

அப்படியே முழு ஆட்டத்தையும் சத்தமில்லாமல் பார்த்தார்கள். இந்தியா முதலில் ஆடியது. பிறகு இலங்கைப் பெண்கள் நிதானமாகத் துரத்தினார்கள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல அடி ஒன்று விழுந்தபோது அவள் இடக்கை தானாகத் தரையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. உடனே அதை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

இலங்கை வென்றது. திரையில் பெண்கள் ஓடி வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். கடற்படை முகாம் பக்கம் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. அன்று காலையில் அத்தானைத் தேடிப் போனவர்களும் கொளுத்தியவர்களுக்குள் இருந்திருப்பார்கள்.

"மாமி, அவர்ரை ஆக்கள் தோத்திட்டினம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அப்படியே மாமியின் மடியில் விழுந்தாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் கேட்டு வெளியே போனவர்கள் எல்லாரும் உள்ளே ஓடி வந்தார்கள். நான் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினேன். அந்தப் பின்னேரத்திலிருந்துதான் அது செத்த வீடாயிற்று.

அதற்கடுத்த நாள் தீவின் மேற்குக் கரையில், கல்லுகளுக்கு இடையில் அத்தானின் உடல் ஒதுங்கியது. சட்டையை வைத்துத்தான் அவருடைய அண்ணர் அடையாளம் சொன்னார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனை முடித்து, பெட்டியை மூடியே திருப்பிக் கொண்டு வந்தார்கள். ஒருமுறை திறக்கச் சொல்லி அக்கா கேட்டாள். அண்ணர் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஏலாது தங்கச்சி" என்றார். பெட்டியைத் தூக்கும்வரை அவள் மூடியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

புருசனைக் கடல் கொண்டுபோக, கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இருந்தவள் என்ற கதை மெல்லப் பரவியது. கடையில் சொன்னார்கள், படகுத்துறையில் சொன்னார்கள். என் காதுக்கு வேலணையிலேயே வந்தது. அந்தியேட்டிக் கிரியை முடிந்து சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மற்றவளிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அடுத்த பந்தியில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். மாமி கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தார்.

"நானும்தான் பாத்தனான். பெத்தவள் நான். சொல்லிறதெண்டால் என்னையும் சேத்துச் சொல்லு."

அந்தப் பெண் தலை குனிந்தபடி சாப்பிட்டாள்.

என்னோடு வந்து இருக்கச் சொல்லி அக்காவை வேலணைக்குக் கூட்டி வந்தேன். ஒரு மாதம்கூட இருக்கவில்லை. மாமி தனியே என்று நெடுந்தீவுக்கே போய்விட்டாள். இப்போது காலையில் சின்னப் பிள்ளைகளின் பாலர் பாடசாலைக்கு வேலைக்குப் போகிறாள். மாமி சமைத்து வைத்துக்கொண்டு பார்த்திருப்பார். இருவருக்கும் பேச அதிகம் இல்லை. சோளகம் எழும்பும் மாதங்களில் மாமி தன் பாயை எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்குள் வந்து படுத்துக்கொள்கிறார்.